வேல்ஸ் மலை மிதிவண்டித் தடங்கள்

பிரிட்டனின் மேற்கில் உள்ள வேல்ஸ் நாட்டில், மலை மிதிவண்டி ஓட்டுவதற்கென்றே வெட்டி, கல் பாவிக் கட்டிய ஒற்றையடித் தடங்கள் இவை. பெரும்பாலானவை அரசு வனத்துறை நட்டு வளர்த்த ஊசியிலைக் காடுகளிலும், நிலக்கரியும் சிலேட்டுக்கல்லும் எடுத்து ஓய்ந்த மலைச்சரிவுகளிலும் அமைந்திருக்கின்றன. 1990-களில் கோய்ட் அ ப்ரெனின் காட்டில் தொடங்கிய இந்த வேலை பின்னர் பிரிட்டன் முழுவதற்கும் முன்மாதிரியானது. தடங்கள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு எனக் கடினம் கூடும் வரிசையில் தரம் பிரிக்கப்படுகின்றன. ஆனால் கட்டப்பட்ட வரிசை ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். தேர்ந்தவர்களுக்கான தடங்கள் முதலில் வந்தன. இன்றுதான் முதன்முதலாக வண்டியேறுகிறவருக்கான தடங்கள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

முன்வரலாறு

மலை மிதிவண்டி என்ற தனி வகை 1970-களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் உருவானது. வேல்ஸ் மலைகளில் சைக்கிள் ஏறியதோ அதற்கு அரை நூற்றாண்டு முன்பே. லிவர்பூல் பகுதியைச் சேர்ந்த டபிள்யூ. எம். ராபின்சன், ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் எழுதியவர். 1919 மார்ச்சில் நண்பர்களோடு பனி மூடிய பெர்வின் மலைத்தொடரைச் சாதாரணச் சைக்கிளில் கடந்தார். கடந்தார் என்பதைவிட, பாதி வழி வண்டியைத் தள்ளியும் தூக்கியும் கொண்டுபோனார் என்பதே பொருத்தம். ‘சைக்கிளிங்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையைப் படித்து ஒரு தலைமுறையே கரடுமுரடான பாதைகளைத் தேடிக் கிளம்பியது. 1955-இல் வேல்ஸ் எல்லையை ஒட்டிய லெம்ஸ்டர் நகரில் ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்ற சங்கம் தோன்றியது. தார்ச்சாலையை வெறுத்தவர்களின் கூட்டம் அது. ராபின்சன் கடந்த கணவாயில் 1957-இல் நினைவுக்கல் நட்டார்கள். அதன் அருகே ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு நோட்டு. மேலேறி வருகிறவர்கள் இன்றும் அதில் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அன்றைய சட்டம் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைபாதை, குதிரைப்பாதை என்று பொதுவழிகளுக்குத் தனித்தனி உரிமைகள் உண்டு. 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம்தான் குதிரைப்பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை அளித்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. வரைபடத்தில் கோடுகள் நிறைய இருந்தும், சைக்கிளோட்டிக்குக் கிடைத்தவை சில மட்டுமே.

குதிரையும் சைக்கிளும் நேருக்கு நேர் மோதிய ஒரு வேடிக்கையும் இந்த வரலாற்றில் உண்டு. லானூர்டிட் வெல்ஸ் என்னும் சிற்றூரில் மதுக்கடை நடத்திய கார்டன் கிரீன், கடையில் எழுந்த ஒரு வாக்குவாதத்தைத் தீர்க்க 1980-இல் மனிதனுக்கும் குதிரைக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தார். 1985-இல் மிதிவண்டியையும் சேர்த்தார்கள். 1989-இல் டிம் கௌல்ட் சைக்கிளில் வந்து குதிரைகளை முந்தினார். தன் காலை மட்டும் நம்பி ஓடியவருக்கு அந்த வெற்றி 2004-இல்தான் கிட்டியது.

1980-களின் இறுதிக்குள் மலை மிதிவண்டி பிரிட்டனில் பரவியது. உரசலும் பின்னாலேயே வந்தது. வேல்ஸின் உயர்ந்த சிகரமான ஸ்னோடனில் ஏறும் குதிரைப்பாதைகளில் நடைப்பயணிகள் நெருக்கியடிக்கும் நேரத்தில் வண்டிகளும் பாய்ந்து இறங்கின. தடை போடாமல் ஓர் உடன்பாடு காணப்பட்டது: மே முதல் செப்டம்பர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை அங்கே மிதிவண்டி கூடாது. சட்டத்தின் வலு இல்லாத இந்த ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வண்டிகளுக்கென்று தனித்தடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததற்கு இப்படிப்பட்ட நெருக்கடிகளும் ஒரு காரணம்.

கோய்ட் அ ப்ரெனின்

முதல் உலகப்போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன், 1919-இல் வனத்துறை ஆணையத்தை அமைத்து மலைச்சரிவுகளில் ஊசியிலை மரங்களை நட்டது. டோல்கெத்லாய் நகருக்கு வடக்கே அப்படி வளர்ந்த காட்டுக்கு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1935 வெள்ளிவிழாவையொட்டி ‘மன்னர் காடு’ என்று பொருள்படும் ‘கோய்ட் அ ப்ரெனின்’ என்ற பெயரை வைத்தார்கள். காட்டுக்குள் க்வின்வினித் தங்கச் சுரங்கமும் உண்டு. இப்படித் தங்கத்துக்கும் மரத்துக்கும் பேர்போன இடத்துக்கு 1990-களில் மூன்றாவது பெயர் கிடைத்தது. அதற்குக் காரணமானவர் அங்கு வனத்துறையில் பணியாற்றிய தாவித் டேவிஸ். பின்னாளில் பிரிட்டிஷ் அரச விருதான எம்.பி.இ. பெற்றவர்.

அதுவரை காட்டில் சைக்கிள் என்றால் மர லாரிகள் போகும் அகன்ற சரளைச் சாலைதான். ஓட்டுகிறவருக்கு அது சலிப்பு. டேவிஸ் மரங்களுக்கிடையே குறுகிய தடங்களை வெட்டினார். அங்கே மண்ணைவிடப் பாறை அதிகம், மழையோ ஓயாது. வெறும் மண்தடம் ஒரே குளிர்காலத்தில் சேறாகிவிடும். அதனால் பாறைகளை நெருக்கிப் பதித்து, மேலே சரளை கொட்டி இறுக்கி, தடத்தைச் சற்று வெளிப்புறம் சாய்த்து, இடையிடையே சிறு பள்ளங்கள் விட்டு, நீர் தடத்தின் வழியே ஓடாமல் குறுக்கே வடியும்படி செய்தார்கள். ஓட்டும்போது அந்தப் பள்ளமும் மேடும் அலைபோல ஒரு துள்ளலைத் தருகின்றன. வடிகாலே விளையாட்டானது என்று சொல்லலாம். எந்தப் பருவத்திலும் ஓட்டலாம் என்பதே இத்தடங்களின் முதல் பெருமை.

பணம் போதவில்லை, பெயர்களை விற்றார்கள். முதல் தடங்களில் ஒன்று ‘ரெட் புல்’, இன்னொன்று ‘கேரிமோர்’. இரண்டும் விளம்பர ஆதரவாளர்களின் பெயர்கள். பின்னாளில் முந்தையது காளையைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லான ‘டார்’ என்றும், சுமார் 38 கி.மீ. நீளமுள்ள பிந்தையது ‘ப்ரெனின் மிருகம்’ என்றும் பெயர் மாறின. இரண்டுமே கறுப்புத் தரம். கற்கள் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். தயங்கி நின்றால் விழ வேண்டியதுதான். ஆனாலும் கூட்டம் வந்தது. 2006-இல் புதிய வருகையாளர் மையமும் திறக்கப்பட்டது.

பரவல்

2001-இல் கோமாரி நோய் பரவியபோது வேல்ஸ் நாட்டுப்புறமே அடைத்துக் கிடந்தது. மலையோரச் சிற்றூர்கள் மந்தையை மட்டுமல்ல, வெளியூர்க்காரர்களின் வருகையையும் எந்த அளவுக்கு நம்பியிருக்கின்றன என்பது அப்போது தெரிந்தது. அந்தப் பத்தாண்டில் தடங்கள் பெருகின. வடக்கே க்விடிர் காடு, நடுவே அபெரிஸ்ட்வித் அருகே நாந்த் அர் அரியன், தெற்கே கும்கார்ன். நாந்த் அர் அரியனில் தினமும் பிற்பகலில் செம்பருந்துகளுக்கு இறைச்சி வீசுவார்கள். தடம் முடித்து வந்தவர்களும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அண்ணாந்து நிற்பது அங்கே வழக்கமான காட்சி. வேல்ஸின் வடகிழக்கில் தனியார் காடான லாண்டெக்லாவும் 2005-இல் சேர்ந்துகொண்டது.

இவற்றில் தனியே சொல்ல வேண்டியது போர்ட் டால்பட்டுக்கு மேலே உள்ள அவான் பள்ளத்தாக்கு. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடியபின் வேலையில்லாமல் தவித்த ஊர்கள் அவை. பென்ஹித், வால், ஒயிட்ஸ் லெவல் ஆகிய தடங்கள் இங்கே சிவப்புத் தரத்தில் வந்தன. சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகமும் மிதிவண்டிக்காரர்கள் கூடும் இடமும் ஒரே வளாகத்தில் இருப்பது பொருத்தமே. பின்னர் அதே மலைமுகடுகளில் 76 காற்றாலைகள் கொண்ட பென் அ கும்மோயித் மின்னுற்பத்தி நிலையம் எழுந்தபோது, முகட்டில் ஓடிய தடங்கள் வழிமாற வேண்டியதாயிற்று. நிலம் ஆற்றல் தருவதை அங்கே நிறுத்தவே இல்லை.

வண்டியேற்றிச் செல்லும் காலம்

2012-இல் ப்ளைனை ஃபெஸ்டினியோக் ஊரின் லெக்வெத் சிலேட்டுச் சுரங்கச் சரிவில், உள்ளூர் மக்களின் சமூக நிறுவனமான அன்டுர் ஸ்டினியோக் இறக்கத் தடங்களைத் திறந்தது. அந்தச் சிலேட்டு நிலப்பரப்பு 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 2013 ஆகஸ்டில் மெர்தர் டிட்வில் அருகே பைக் பார்க் வேல்ஸ் வந்தது. ஒரு காலத்தில் இரும்பு உலைகளால் பெயர்பெற்ற ஊர் அது. இவ்விடங்களில் வேனும் பின்னால் கட்டிய டிரெய்லரும் ஆளையும் வண்டியையும் உச்சிக்குக் கொண்டுபோய் இறக்குகின்றன. மூச்சு வாங்க ஏறும் வேலை இல்லை. இதனால் விளையாட்டின் பாதி சுவை போயிற்று என்று பழையவர்கள் முணுமுணுப்பதுண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வரம்: ஒரே நாளில் பத்து முறை இறங்கலாம்.

மறுமுனையில், தொழில்முறை வீரரான டான் ஆதர்டன் டினாஸ் மாத்வி அருகே அமைத்த தடத்தில் 2014 முதல் ‘ரெட் புல் ஹார்ட்லைன்’ போட்டி நடக்கிறது. தேர்ந்த வீரர்களே உச்சியில் நின்று தயங்கும் தடம் அது. 2019-இல் திறந்த டவி பைக் பார்க்கும் அவர் கைவண்ணமே.

தரமும் புதியவரும்

பச்சை என்றால் அகலம், மட்டம், திடுக்கிடவைக்கும் எதுவும் இல்லாமை. நீலத்தில் சிறு மேடுகளும் சாய்த்துக் கட்டிய வளைவுகளும் வரும். சிவப்பில் தடம் குறுகும். வேர், பாறை, படிபோன்ற இறக்கம் உண்டு. கறுப்பில் இவை எல்லாம் இடைவிடாமல் வரும். பைக் பார்க்குகளின் தாவுமேடுகளுக்கு ஆரஞ்சு எனத் தனி நிறமும் இருக்கிறது. நிறம் ஒன்றானாலும் இடத்துக்கு இடம் கடினம் மாறும். கோய்ட் அ ப்ரெனினின் சிவப்பு, வழவழப்பாகக் கட்டிய வேறிடத்துச் சிவப்பைவிட எலும்பை அதிகம் குலுக்கும்.

கோய்ட் அ ப்ரெனினில் 2010-களின் தொடக்கத்தில் வந்த நீலத்தடம் ‘மைனர்டார்’. சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்திருப்பதால் ஒன்றை முடித்ததும் திரும்பலாம், தெம்பிருந்தால் அடுத்ததற்குப் போகலாம். உடல் ஊனமுற்றோருக்கென வடிவமைத்த மூன்று சக்கர வண்டிகள் திரும்பும் அளவுக்கு வளைவுகளை அகலப்படுத்தியிருக்கிறார்கள். பைக் பார்க் வேல்ஸிலும் ‘கெர்மிட்’ என்ற பச்சைத் தடம் பின்னர் சேர்ந்தது. உச்சியிலிருந்து அடிவாரம்வரை கொண்டை ஊசி வளைவுகளாக இறங்குவது. இப்படியொரு தடம் அமைப்பது கறுப்புத் தடத்தைவிடக் கடினம் என்பதில் ஐயமில்லை. கறுப்பில் பாறையை அப்படியே விட்டுவிடலாம். பச்சையில் ஒவ்வொரு அடியிலும் சரிவை அளந்து குறைக்க வேண்டும்; அதற்கு நீளம் வேண்டும், சரளை வேண்டும், பணம் வேண்டும்.

அண்மைக் காலம்

லார்ச் மரங்களைக் கொல்லும் பைடாஃப்தோரா நோய் 2010-இல் வேல்ஸில் கண்டறியப்பட்டது. நோய்ப்பட்ட காடுகளை மொத்தமாக வெட்ட வேண்டியிருந்தது. கும்கார்ன் வனச்சாலை 2014 முதல் 2021 வரை கார்களுக்கு மூடிக் கிடந்தது. பல இடங்களில் நிழல் தந்த தடங்கள் வெட்டவெளியாயின. 2013-இல் வனத்துறை உள்ளிட்ட மூன்று அமைப்புகளை இணைத்து ‘நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ்’ உருவானது. நிதி நெருக்கடியைக் காட்டி, கோய்ட் அ ப்ரெனின், நாந்த் அர் அரியன் ஆகிய மையங்களின் உணவகத்தையும் கடையையும் அது 2025 மார்ச் இறுதியில் மூடியது. உள்ளூர் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நடத்தும் பொறுப்பைத் தாங்களே ஏற்க முன்வந்த குழுக்களும் உண்டு. தடங்கள் மூடப்படவில்லை.