பழங்கணினிகளும் மாற்று உதிரிப் பாகங்களும்: ஒரு வரலாறு

உற்பத்தி நின்றுபோன ஒரு கணினியைத் தொடர்ந்து இயக்க வேண்டுமானால், பழுதான பாகத்துக்கு மாற்றுப் பாகம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். இன்று இது உலகெங்கும் ஆர்வலர்களும் அருங்காட்சியகங்களும் செய்யும் பணி. இந்தியாவில் இது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. விற்றவர் நாட்டைவிட்டுப் போனபின் இயந்திரத்தை ஓட்டியாக வேண்டிய கட்டாயத்தில் தொடங்கியது.

கையால் செய்யக்கூடிய பாகங்கள்

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு ‘டிஃப்ராக்’ என்ற கணினியை உருவாக்கியது. 1960இல் அது முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. நினைவகம், 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைக் கொண்டது. ஒரு பிட்டுக்கு ஒரு ஃபெரைட் வளையம் என்று கணக்கிட்டால் 80,000க்கும் மேற்பட்ட சிறு வளையங்கள்.

இவ்வகை நினைவகத்தில் வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கப்படும். பாவும் ஊடையும் அறிந்த அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி நெசவாளரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டினால் அவருக்குத் தறிதான் நினைவுக்கு வரும். கணினிக்கு முன்னோடியான துளையட்டையும் தறியிலிருந்து வந்ததே. 1804இல் பிரான்சில் உருவான ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகளே பூவேலைப்பாட்டை நடத்தின.

ஒற்றுமை இத்தோடு முடியவில்லை. விசைத்தறியில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால், பழையதை மாதிரியாகக் கொடுத்து லேத் பட்டறையில் புதியது கடைந்து வாங்கலாம். முதல் தலைமுறைக் கணினிகளும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தன. பழுதான குழலைக் கழற்றி மாற்றலாம். அறுந்த கம்பியைப் பற்றவைக்கலாம். எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதைக் கட்டியவர்களே அறிந்திருந்தார்கள்.

ஐ.பி.எம். வெளியேறியபோது

1960களில் இந்திய அலுவலகங்களில் பரவிய முக்கியமான கணினி ஐ.பி.எம். 1401. அமெரிக்காவில் 1959இல் அறிமுகமான இதைப் பெரும்பாலும் பழைய இயந்திரங்களாகக் கொண்டுவந்து, புதுப்பித்து, வாடகைக்கு விட்டனர். பராமரிப்பும் உதிரிப் பாகங்களும் அந்நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்ட பெருங்கணினியும் ஐ.பி.எம். 370/155 என்ற வகையே.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குடைமையை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கக் கோரியது. ஐ.பி.எம். அதற்கு இணங்காமல் 1978இல் இந்தியாவைவிட்டு வெளியேறியது. இயந்திரங்கள் மட்டும் இங்கேயே நின்றன.

அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு, 1975 டிசம்பரில் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கணினிப் பராமரிப்புக் கழகத்துக்கு, அதாவது சி.எம்.சி.க்கு வந்தது. 1978 முதல் 1980 வரை 800க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த ஐ.பி.எம். நிறுவல்களை அது ஏற்றுக்கொண்டது. 1401 வகைக் கணினியின் மின்சுற்றுகள் உள்ளங்கை அளவிலான சிறு அட்டைகளில் அமைந்தவை. ஒவ்வோர் அட்டையிலும் சில டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும்தான் இருக்கும். அட்டையைக் கழற்றிச் சோதித்து, கெட்ட டிரான்சிஸ்டரை மட்டும் மாற்ற முடியும். அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் 2004இல் தொடங்கி 1401 கணினிகளை மீண்டும் ஓட வைத்ததும் இதே முறையில்தான்.

பள்ளிக்கு வந்த கணினி

1984–85இல் மைய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தை முதற்கட்டமாக 250 பள்ளிகளில் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்தது பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ கணினி. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று, ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் அதை இந்தியாவிலும் தயாரித்தது. 1989 பிப்ரவரியில் ஏற்பட்ட தீ விபத்து அங்கிருந்த சில்லுத் தொழிற்சாலையை அழித்தது.

பிபிசி மைக்ரோவில் இரு வகைச் சில்லுகள் உள்ளன. அதன் மூளையான 6502 செயலி பொதுச் சந்தைக்கு வந்தது. அதன் வழிவந்த 65சி02 இன்றும் உற்பத்தியாகிறது. திரையில் படம் காட்டும் சில்லோ அந்தக் கணினிக்கென்றே ஃபெரான்டி நிறுவனம் செய்து கொடுத்தது. அது கெட்டால் கடையில் வாங்க வழியில்லை. இன்னொரு பிபிசி மைக்ரோவிலிருந்து கழற்ற வேண்டும், அல்லது ஆர்வலர்கள் நிரல்படுத்தத்தக்க சில்லில் அமைத்துள்ள மாற்றைப் பொருத்த வேண்டும். எத்தனை பட்டறைகள் இருந்தாலும் சில்லைக் கடைந்தெடுக்க முடியாது. கையால் செய்யும் காலம் இங்கே முடிந்தது.

பொதுச் சந்தைச் சில்லுகளும் நிரந்தரமல்ல. புனேயில் தயாரான டெசிபெல்ஸ் ஸ்பெக்ட்ரம் உட்பட எண்ணற்ற கணினிகளில் இருந்த இசட்80 செயலி 1976இல் வந்தது. அதன் மூல வடிவத்தின் உற்பத்தியை நிறுத்துவதாக ஜைலாக் நிறுவனம் 2024இல் அறிவித்தது.

இன்று பாகம் கிடைக்கும் வழிகள்

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வானொலி உதிரிப் பாகங்களில் தொடங்கி, தொலைக்காட்சி, கணினி என்று அதன் வணிகம் வளர்ந்தது. பழுதுகளில் பெரும்பாலானவை அங்கே எளிதில் கிடைக்கும் சிறு பாகங்களால் தீர்பவை:

• மின்தேக்கி: பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் உள்ள காகித வகை மின்தேக்கியின் உறை வெடித்து, ஈரம் ஏறி, திடீரெனப் புகையும். அதே மதிப்புள்ள எக்ஸ்2 வகையையே பொருத்த வேண்டும்.

• மின்கலம்: பழைய 286, 386 கணினிகளின் தாய்ப்பலகையில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

• படிப்பு நினைவகம்: ஈப்ராம் சில்லில் உள்ள நிரல் பல்லாண்டுகளில் அழியக்கூடும். நல்ல நிலையில் இருக்கும்போதே படித்துப் படியெடுத்து வைத்தால் புதிய சில்லில் எழுதிக்கொள்ளலாம்.

• நெகிழ்வட்டு இயக்கி: பழைய சில இயக்கிகளில் உள்ள ரப்பர் பட்டை இளகும் அல்லது அறும். அதே சுற்றளவுள்ள வேறு பட்டை போதும்.

பழைய மின்வழங்கியையும் படக்குழாய்த் திரையையும் திறப்பது ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பயிற்சி உள்ளவரே அவற்றைத் தொட வேண்டும்.

தமிழுக்கு என்ன தொடர்பு

ஒருங்குறி பரவுமுன் தமிழ், பல்வேறு எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்யப்பட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் அக்காலத்தது. அன்று தட்டச்சான சிற்றிதழ், ஊர் வரலாறு, பள்ளி ஆண்டு மலர் ஆகியவற்றுள் எத்தனையோ நெகிழ்வட்டில்தான் உள்ளன. எழுத்துருவை மாற்ற இன்று மென்பொருள் உண்டு. ஆனால் வட்டைப் படிக்க ஓடும் இயக்கி வேண்டும். ஓலைச்சுவடியை வாசிக்கக் கண் போதும். நெகிழ்வட்டுக்கு அது போதாது.

ஆகவே பள்ளியிலோ அச்சகத்திலோ கிடக்கும் பழைய கணினியை எடைக்குப் போடுமுன் மூன்று வேலைகளைச் செய்யலாம். வட்டுகளைப் படியெடுக்க வேண்டும். கையேட்டையும் சுற்று வரைபடத்தையும் ஒளிவருடி வைக்க வேண்டும். ஓடாத பலகையையும் உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். தனிப்பயன் சில்லுக்கு, ஓடாத இன்னொரு கணினியே பல சமயம் கடை.