13 வாரத்தில் முடிந்த கதைகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், "அந்தக் கால தூர்தர்ஷன் மாதிரி வருமா?" என்று யாராவது ஆரம்பித்து விடுகிறார்கள். பேரப்பிள்ளைகளோ ஓடிடி தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது தொடரின் நீளம்.

சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. கறுப்பு வெள்ளை, மாலையில் சில மணி நேரம் மட்டும். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியைப் பட்டணத்துக்காரர்கள் கேலி செய்துகொண்டே பார்த்தார்கள். (வேறென்ன இருந்தது பார்க்க?) வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலை சினிமா. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்ததும், மொட்டை மாடியில் உயரமான கம்பம் நட்டு ஆன்டெனாவைக் கட்டி அதைத்தான் பார்த்தார்கள். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் அவர்கள் வீட்டில் சென்னை தெரிந்தது.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அமைச்சர் ரிப்பன் வெட்டுவதே பாதிச் செய்தி. மீதி நேரம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை.

ஆனால் தொடர்களில் ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒரு பகுதி, பெரும்பாலும் 13 வாரம். இருந்தது ஒரே அலைவரிசை, காத்திருந்தவர்களோ பலர். அதனால் எழுதுகிறவர் கதையை முடித்தே ஆக வேண்டும். ராமாயணம் போல மாதக்கணக்கில் நீண்டவை உண்டு, அவை விதிவிலக்கு. 1986-ல் வந்த மால்குடி டேஸை நினைத்துப் பாருங்கள். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் கதைகள், தம்பி லக்ஷ்மணின் கோட்டோவியம், நம் எல். வைத்தியநாதனின் இசை. சங்கர் நாக் அதை ஆகும்பேயில் படமாக்கினார். பெரும்பாலும் அரை மணிக்குள் ஒரு கதை முடிந்துவிடும். மனதில்தான் முடியாது.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. போட்டி வந்ததில் நன்மையும் இருந்தது, அமைச்சர் ரிப்பன் வெட்டுவதை விட்டு வேறு பக்கம் திருப்பலாம். பிறகு 1999 கடைசியில் சித்தி. அதைத் தொடர்ந்து தினசரித் தொடர்களின் காலம். மெட்டி ஒலி 811 பகுதி, கோலங்கள் 1,500-க்கும் மேல். இதன் கணக்கு எளிது. அப்போது தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்கினார். விளம்பரம் பிடித்துப் போட்ட பணத்தை எடுத்தார். விளம்பரம் வந்தவரை கதையை முடித்தால் அவருக்கு நஷ்டமாக இருந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கவலையோடு மெட்டி ஒலி தொடங்கியபோது எவ்வளவு உண்மையாக இருந்தது! திறமைக்குக் குறைவில்லை. ஒரு கல்யாணத்தை மூன்று வாரம் இழுக்கச் சொன்னால் எந்த எழுத்தாளர்தான் என்ன செய்வார்?

2015-ல் ஹாட்ஸ்டார், 2016 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் நம் நாட்டுக்கு வந்தன. இங்கே சந்தா கட்டுகிறவர் நாம். எனவே கதையை முடிக்கலாம். 2022-ல் வந்த சுழல், வதந்தி இரண்டுமே எட்டெட்டுப் பகுதிகள். பழைய 13 வாரம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. கெட்ட வார்த்தையும் ரத்தமும் இவ்வளவு தேவையா என்பது வேறு கேள்வி. மருமகளையும் பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடிவதில்லை. அவர்களும் பக்கத்தில் இல்லை, ஆளுக்கொரு போனில் இருக்கிறார்கள்.

ஊரடங்கின்போது, 2020 மார்ச் 28 முதல் ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பினார்களே, அப்போது பல வீடுகளில் மூன்று தலைமுறையும் ஒரே பெட்டி முன்னால் உட்கார்ந்தது. தரம் அதே 1987-ன் தரம்தான். அந்த அம்பும் அதே அம்புதான்.

மால்குடி டேஸ் இப்போது போனிலேயே கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் சுவாமி வரும் பகுதிகளில் ஆரம்பியுங்கள்.