காமிக்ஸை ஒழிக்க எழுதிய புத்தகத்தை காமிக்ஸ் ரசிகர்களே தேடுவது ஏன்? வெட்டி எடுக்கப்பட்ட 2 பக்கங்களின் கதை

பழைய புத்தகம் வாங்குறவங்க வழக்கமாக முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், அப்புறம் பதிப்பு ஆண்டைப் பார்ப்பார்கள். ஆனால் 1954-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகத்தை மட்டும் பின்னாலிருந்து திருப்புகிறார்கள். 399, 400-ம் பக்கங்கள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னொசன்ட்'. எழுதியவர் நியூயார்க் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம். காமிக்ஸ் படிப்பதால்தான் பிள்ளைகள் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்று வாதிட்ட புத்தகம் இது. காமிக்ஸ் உலகமே வெறுத்த இந்தப் புத்தகத்தை இன்று தேடித் தேடி வாங்குவது யார் தெரியுமா? காமிக்ஸ் ரசிகர்கள்தான்.

அந்த 2 பக்கத்துல என்ன இருந்தது?

ரகசியம் எதுவும் இல்லை. புத்தகத்தில் பேசப்படும் காமிக்ஸ்களை வெளியிட்ட நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். ஆனால் 'பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்' என்று குற்றம் சாட்டும் புத்தகத்தில் நிறுவனங்களின் பெயரை வரிசையாகப் போட்டால் சும்மா விடுவார்களா? வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில், அச்சான பிறகு பல பிரதிகளில் அந்த ஒரு தாள் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட பிரதியின் கடைசியில், தைத்த இடத்தை ஒட்டி, வெட்டிய தாளின் விளிம்பு சின்னதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தாள் முழுசா இருக்கும் பிரதி குறைவு, அதனால் கிராக்கி அதிகம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிப்பித்தது ரைன்ஹார்ட் நிறுவனம். பதிப்புரிமைப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால்தான் அது முதல் அச்சு. 1972-ல் வேறொரு பதிப்பகம் போட்ட மறுபதிப்பும் பழைய புத்தகச் சந்தையில் சுற்றுகிறது. அதுவும் இப்போது பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். ஏமாந்து விட வேண்டாம்.

எதிர்ப்பு எங்கே தொடங்கியது?

வெர்தம்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1940 மே 8-ம் தேதி சிகாகோ டெய்லி நியூஸ் நாளிதழில் இலக்கிய ஆசிரியர் ஸ்டெர்லிங் நார்த் எழுதிய கட்டுரை, காமிக்ஸை தேசிய அவமானம் என்றது. அதைப் பல பத்திரிகைகள் எடுத்து மறுபிரசுரம் செய்தன. சூப்பர்மேன் வந்து அப்போது 2 வருஷம்தான் ஆகியிருந்தது.

போருக்குப் பிறகு காமிக்ஸில் குற்றக் கதைகளும் திகில் கதைகளும் பெருகின. விலை 10 சென்ட். பெற்றோரிடம் கேட்காமலேயே பிள்ளைகள் தங்கள் கைக்காசில் வாங்கிவிடலாம். பெரியவர்களுக்கு இதுதான் பெரிய பயம். 1948 மார்ச் 27-ம் தேதி 'காலியர்ஸ்' வார இதழில், வெர்தமின் கருத்துகளை வைத்து ஜூடித் கிறிஸ்ட் எழுதிய 'ஹாரர் இன் தி நர்சரி' கட்டுரை வந்தது. கூடவே வந்த படங்களில், காமிக்ஸில் பார்த்ததை விளையாட்டில் செய்து பார்ப்பது போலக் குழந்தைகளை நடிக்க வைத்திருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் 'சாட்டர்டே ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்' இதழில் வெர்தமே எழுதினார்.

விளைவு தெருவில் தெரிந்தது. 1948 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 2,000 காமிக்ஸ்களைக் குவித்து எரித்தார்கள். டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனிலும் இதே காட்சி. நாஜி ஜெர்மனி புத்தகங்களை எரித்து வெறும் 15 வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இதழ்களை வாங்குவது சுலபமா?

ஓரளவுக்கு ஆமாம். காலியர்ஸ், லேடீஸ் ஹோம் ஜர்னல் போன்றவை லட்சக்கணக்கில் அச்சானவை. லேடீஸ் ஹோம் ஜர்னலின் 1953 நவம்பர் இதழில்தான் வெர்தம் புத்தகத்தின் பகுதிகள் முன்கூட்டியே வெளிவந்தன. இந்த இதழ்கள் அரியவை அல்ல என்பதால் விலையும் கைக்கு எட்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய இதழ்களில் விளம்பரப் பக்கங்களைக் கிழித்துத் தனியாக விற்பது பெரிய வியாபாரம். விளம்பரத்தோடு சேர்ந்து கட்டுரையின் பின்பாதியும் போயிருக்கும். 'முழு இதழ்' என்று விற்பவர் சொன்னாலும், கட்டுரை தொடரும் பக்கங்களின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

நிஜமாகவே கிடைக்கச் சிரமமானவை சின்ன வெளியீடுகள். உதாரணத்துக்கு, கெர்ஷன் லெக்மன் 1949-ல் சொந்தமாக வெளியிட்ட 'லவ் அண்ட் டெத்'. காதலைத் தணிக்கை செய்யும் சமூகம் கொலையை மட்டும் ஏன் பிள்ளைகளுக்கு விற்கிறது என்று கேட்ட புத்தகம். வெர்தமை விடக் காட்டமான எழுத்து.

எதிர்த்தரப்பையும் சேர்த்து வைப்பவர்களின் தொகுப்புதான் முழுமையானது. 'ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் சோஷியாலஜி' ஆய்விதழ் 1944 டிசம்பரிலும் 1949 டிசம்பரிலும் காமிக்ஸ் பற்றிச் சிறப்பிதழ் போட்டது. இரண்டாவதில், சிறார் குற்றங்களுக்கு காமிக்ஸைப் பலிகடா ஆக்குகிறார்கள் என்று ஃபிரெட்ரிக் த்ராஷர் எழுதினார். அதாவது, வெர்தமின் வாதத்தில் ஆதாரம் பலவீனம் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள் இருந்தார்கள். அதைப் படித்தவர்கள்தான் குறைவு.

1954-ல் என்ன நடந்தது?

ஏப்ரல் 21, 22 மற்றும் ஜூன் 4 ஆகிய 3 நாட்கள், அமெரிக்க செனட்டின் சிறார் குற்றத் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. வெர்தமும் சாட்சி சொன்னார், இ.சி. காமிக்ஸ் அதிபர் வில்லியம் கெய்ன்ஸும் சாட்சி சொன்னார். ஒரு கையில் கோடாரியும் இன்னொரு கையில் பெண்ணின் வெட்டுப்பட்ட தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது ரசனையானதா என்று செனட்டர் கெஃபாவர் கேட்டார். திகில் காமிக்ஸ் என்ற அளவில் ஆமாம் என்றார் கெய்ன்ஸ். இ.சி.க்கு அந்தப் பதிலே வினையானது. செப்டம்பரில் திகில் இதழ்களை நிறுத்துவதாக அவர் அறிவித்தார்.

அடுத்த மாதமே நிறுவனங்கள் சேர்ந்து 'காமிக்ஸ் கோட்' என்ற சுயதணிக்கையைக் கொண்டுவந்தன. தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களே வரக் கூடாது. முத்திரை இல்லாத இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுபோக விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். பல நிறுவனங்கள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கான ஓவியர்களும் எழுத்தாளர்களும் அந்தத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. வெர்தம் கேட்டது இந்த ஏற்பாட்டை அல்ல, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கத் தடை போட வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. ஆனாலும் பழி அவர் மேல்தான்.

விசாரணையின் முழுப் பதிவும் அரசு அச்சகத்தில் புத்தகமாக வந்தது, 1955-ல் இடைக்கால அறிக்கையும் வந்தது. இவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அச்சுப் பிரதியைக் காசு கொடுத்து வாங்குவது, அந்தக் காலத்துத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஆசைக்காகத்தான்.

எதிரியின் புத்தகமே விலைப்பட்டியல்!

இந்தக் கதையிலேயே வேடிக்கையான பகுதி இதுதான். வெர்தம் பல இடங்களில் எந்த காமிக்ஸ், எந்த இதழ் என்று சொல்லாமலேயே கதையை மட்டும் விவரித்திருந்தார். அது எந்த இதழ் என்று கண்டுபிடிக்க ரசிகர்கள் வருஷக்கணக்கில் துப்பறிந்தார்கள். அப்படி அடையாளம் காணப்பட்ட காமிக்ஸ்களுக்கு, சேகரிப்பாளர்கள் நம்பும் ஓவர்ஸ்ட்ரீட் விலை வழிகாட்டியில் 'எஸ்.ஓ.டி.ஐ.' என்ற குறிப்பு இருக்கும். வெர்தம் புத்தகத்தில் இடம்பெற்றது என்று அர்த்தம். குறிப்பு இருந்தால் மதிப்பு கூடும். ஊசி கண்ணுக்கு நேராக வரும் படத்துக்காக அவர் எடுத்துக்காட்டிய, 1947-ல் வந்த 'ட்ரூ க்ரைம் காமிக்ஸ்' 2-ம் இதழ் இன்று ரொம்பப் பிரபலம். பிரிட்டனில் ஜெஃப்ரி வாக்னர் 1954-ல் எழுதிய 'பரேட் ஆஃப் ப்ளெஷர்' புத்தகத்துக்கும் இதே மாதிரி 'பி.ஓ.பி.' என்று தனிக் குறிப்பு உண்டு. பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாது என்று போட்ட பட்டியல், எதை வாங்கலாம் என்று காட்டும் பட்டியலாகிவிட்டது.

வெர்தம் சொன்னது உண்மையா?

அவருடைய குறிப்புகள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன, 2010-ல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரல் டில்லி அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு 2012-ல் முடிவுகளை வெளியிட்டார். வெர்தம் தகவல்களைத் திரித்திருந்தது தெரியவந்தது. பேட்மேன், ராபின் பற்றி ஒரு இளைஞர் சொன்னதாகப் புத்தகத்தில் வருவது, உண்மையில் 2 பேர் சொன்னதை ஒட்டுப்போட்டது. பேட்மேனை விட டார்ஸானும் சப்-மரைனரும்தான் தங்களை ஈர்த்தார்கள் என்று அவர்கள் சொன்னதை அவர் விட்டுவிட்டார்.

இதை வைத்து அவரை ஒரேயடியாக வில்லன் ஆக்கிவிடவும் முடியாது. ஹார்லெமில் கறுப்பின மக்களுக்காக 1946-ல் லஃபார்க் மனநல மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்த டெலவேர் வழக்கில், பிரிப்பது பிள்ளைகள் மனதைப் பாதிக்கும் என்று சாட்சி சொன்னவரும் அவர்தான்.

பாதுகாப்பது எப்படி?

1940, 50-களின் மலிவுத் தாளில் அமிலம் அதிகம். தானாகவே பழுத்து, ஓரம் உதிரும். அமிலமற்ற அட்டை வைத்து, மைலார் உறையில் போட்டு, வெயில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பெரிய அளவு வார இதழ்களை நிற்க வைத்தால் முதுகு வளையும், படுக்க வைப்பதே சரி. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. பசை சில வருஷத்தில் பழுப்புக் கறையாகிவிடும். நூலக முத்திரை விழுந்த பிரதிகளுக்கு மதிப்பு குறைவு. படிக்க மட்டும் வேண்டும் என்றால் அதுவே லாபம்.

வெர்தமின் கடைசிப் புத்தகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1973-ல் வெளிவந்த அதன் பெயர் 'தி வேர்ல்ட் ஆஃப் ஃபேன்ஸீன்ஸ்'. காமிக்ஸ் மற்றும் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்கள் கைக்காசில் நடத்திய சிற்றிதழ்களைப் பாராட்டி எழுதியது!