பித்தமும் பித்தும்: ஒரு சொல்லின் வரலாறு



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பாட வேளை முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "டீச்சர், பாட்டிக்குப் பித்தப்பையில் கல்லாம். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா?" என்றான். அகராதியில் 'பித்தம்' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறான். அங்கே ஈரல் சுரக்கும் நீர் என்ற பொருளோடு மனமயக்கம் என்ற பொருளும் இருந்திருக்கிறது.

அவன் பிழையாகப் படிக்கவில்லை. 'பித்த' என்பது வடமொழியிலும் வழங்கும் மருத்துவச் சொல். ஆயுர்வேதம் வாதம், பித்தம், கபம் என்று வகுத்ததையே சித்த மருத்துவர் வளி, அழல், ஐயம் என்பர். அழல் என்றால் நெருப்பு. உடற்சூடும் செரிமானமும் இதன் தொழில் என்றும், இது மிகுந்தால் அறிவு கலங்கும் என்றும் முன்னோர் கருதினர். 'பித்துப் பிடித்தவன்' என்னும் வழக்கு இக்கருத்தை ஒட்டியதே. வழக்காட வந்த முதியவரைச் சுந்தரர் 'பித்தன்' என ஏசியதும், வந்தவர் இறைவனே என அறிந்தபின் அதே சொல்லால் பதிகம் தொடங்கியதும் நாம் வகுப்பில் சொல்லும் கதைதான். வள்ளுவரோ மருந்து அதிகாரத்தில் வளியை மட்டும் பெயர் சொல்லி, மற்ற இரண்டையும் எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்!

கிரேக்கரும் இவ்வாறே எண்ணினர். மனச்சோர்வைக் குறிக்கும் 'மெலங்கோலியா' என்ற அவர்தம் சொல்லுக்குக் 'கரும்பித்தம்' என்பதே நேர்ப்பொருள். 1858-இல் ருடால்ஃப் விர்சோ, நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று எழுதிய பின்னர் மேலைநாட்டில் அக்கொள்கை தளர்ந்தது. மலாய்க்காரர் நம் நிலவேம்பை 'ஹெம்பெடு பூமி', அதாவது மண்ணின் பித்தம், என்கின்றனர். அங்கே கசப்பு மட்டுமே பொருள், பித்துக்கு இடமில்லை.

நம் வீடுகளிலோ தலைசுற்றலும் பித்தம், வாந்தியும் பித்தம். பிள்ளையின் கண் மஞ்சளாகும்போதும் அச்சொல்லைச் சொல்லிக் கைவைத்தியத்தில் நாளைக் கடத்துவது ஆபத்து. அதனால் வகுப்பில் நீர்மத்தைப் 'பித்தநீர்' என்றே நான் எழுதுகிறேன்.

மாணவனிடம் படம் வரைந்து காட்டினேன். பித்தநீரைச் சுரப்பது ஈரல்; பை அதனைச் சேர்த்து வைக்கும் இடம்; கொழுப்பைச் செரிக்க அது குடலுக்குச் செல்கிறது. கற்களுள் பெரும்பாலானவை கொலஸ்டிரால் இறுகி உண்டானவை. மூளைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பையை அகற்றினாலும் நீர் நேரே குடலில் இறங்கும்.

"அப்படியானால் பாட்டி என்னை மறக்க மாட்டார்தானே?" என்று கேட்டான். மாட்டார் என்றேன். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பேருந்தை நோக்கி ஓடினான்.