மூட்டு மாறியது ஒரு மணி நேரத்தில், நடை மாற மாதங்கள்

"இடுப்பு வலி போயிடுச்சு. இப்ப தொடையும் முட்டியும்தான் வலிக்குது." இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. திருச்சி கே.கே. நகரில் வாக்கர் பிடித்து நடை பழகும் பெரியவருக்கும் இதே வலிதான். ஆபரேஷன் எங்கோ பிசகிவிட்டது என்று வீட்டார் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் பிசகு எதுவும் இருப்பதில்லை. மூட்டின் கிண்ணமும் பந்தும்தான் புதியவை, தசைகள் பழையவை. வருடக்கணக்கில் சாய்ந்து சாய்ந்து நடந்ததில் இடுப்பின் பக்கவாட்டுத் தசை மெலிந்துபோயிருக்கும். அது தளர்ந்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியும் என்பதை ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ட்ரெண்டலென்பர்க் 1895லேயே எழுதிவிட்டார். தேய்ந்து குட்டையான கால் அறுவையில் பழைய நீளத்துக்கு வரும்போது சுருங்கிய தசைகள் இழுபடுவதும் வலிக்கும்.

மூட்டை மாற்றும் கலை தேறவே பல பத்தாண்டுகள் பிடித்தன. 1940களில் பாரிஸின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பந்து வைத்தார்கள். அது வைத்த ஒருவர் சாப்பாட்டு மேசையில் குனிந்தால் இடுப்பு கீச்சிடும், அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி எழுந்து போய்விடுவார். இதைக் கேள்விப்பட்ட இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி உராய்வைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தார்.

லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1958 முதல் அவர் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். சில வருடங்களில் அவை தேய்ந்தன, தேய்ந்த துகள் திசுவைப் புண்ணாக்கியது. நம்பி வந்தவர்களுக்கு மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1962இல் ஒரு விற்பனையாளர் அடர்த்தியான பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் சும்மா விடாமல் அதைத் தேய்மான இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். அது தேயவே மாட்டேன் என்றது! அந்த ஆண்டு நவம்பரில் அதே பொருளில் செய்த கிண்ணம் மனித உடலுக்குள் போனது. இன்று உலகெங்கும் நடக்கும் அறுவைக்கு அடிப்படை அதுதான். பட்டறையில் நின்ற கிரேவனின் பெயரையும் சார்ன்லி பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடையைத் திருப்பித் தருவது தனி வேலை என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியது வேலூர். 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் வழிநடத்திய மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயத்தில் திறந்தது. அறுவை முடிந்ததும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை என்பதை அவர் தன் உடம்பிலேயே அறிந்தவர்.

அந்தக் காலத்தில் மூட்டு மாற்றியவர்களை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். படுக்கப் படுக்கத் தசை கரைந்தது, காலில் ரத்தம் உறைந்தது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் போன்றவர்கள் சீக்கிரம் எழுப்பி நடக்கவிடும் முறையை வலியுறுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் மறுநாளே வாக்கர் கைக்கு வந்துவிடுகிறது. முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், அப்புறம் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னே.

மேலை நாட்டுப் புத்தகம் சொல்லாத சிக்கல் ஒன்று நம்மிடம் உண்டு. அங்கே இந்த அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மூட்டுத் தேய்ந்த முதியவர்கள். இங்கே ரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிந்தவர்கள், முதுகெலும்பு இறுகும் வாத நோயாளிகள் என இளவயதினர் நிறைய. அவர்களுடைய வாழ்க்கையோ தரையோடு ஒட்டியது. சம்மணம், பந்தி, குந்தும் கழிப்பறை எல்லாமே இடுப்பை அதிகம் மடக்குபவை. மூட்டு நழுவிவிடக் கூடாதே என்று மருத்துவர்கள் இவற்றை விலக்கச் சொல்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பிரகாரம் பிரகாரமாகச் சுற்றிச் சேவித்துப் பழகியவருக்குத் தூரத்தைவிடத் தரையில் உட்கார்ந்து எழுவதுதான் பெரிய சோதனை.

வெறும் தசை வலி நடக்க நடக்கக் குறையும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறினாலோ, மூச்சு வாங்கினாலோ, திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைகளுக்கும் இந்த அறுவை எட்டியிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட பயிற்சி வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே நின்றுபோவது இன்றும் சகஜம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மூட்டு மாற்றியவரை வீடு அனுப்பும் சீட்டிலேயே அந்த வருகையையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.