பழைய தோட்டாவும் புதிய தோட்டாவும்

நாம் கூடியிருக்கும் ஆயர் குரோவுக்கு வடக்கே, அலோர் காஜா வட்டாரத்தில் உள்ளது தாபோ நானிங். 1831, 1832ஆம் ஆண்டுகளில் அங்கே டோல் சையிட் தலைமையில் நானிங் மக்கள் ஆங்கிலக் கும்பினியை எதிர்த்துப் போரிட்டனர். அப்போரில் கும்பினியின் சார்பில் வந்தவர்களுள் சென்னைப் படைச் சிப்பாய்களும் இருந்தனர். இரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, தென்னாட்டார் துப்பாக்கி ஏந்தி மலாக்கா மண்ணில் நடந்தனர் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

அவர்கள் ஏந்தியது மஸ்கெட் எனப்படும் வழவழப்பான குழலுடைய துப்பாக்கி. அதன் தோட்டா, மருந்தையும் ஈயக் குண்டையும் பொதிந்த ஒரு தாட்சுருள். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துத் திறந்து, மருந்தைக் குழலுள் கொட்டிக் குண்டை இடிப்பான். குண்டு குழலைவிடச் சிறியது. ஆதலால் எளிதாக உள்ளே இறங்கும். ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி தப்பும்.

1853ஆம் ஆண்டு வடிவமைக்கப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கி இக்குறையை நீக்கியது. அதன் குழலுள் சுருள் பள்ளங்கள் இருந்தன. குறிபார்க்கும் கருவி 900 கஜம் வரை அளவிடப்பட்டிருந்தது. ஆயினும் குண்டு இறுக்கமாகப் பொருந்தியதால், உள்ளே செலுத்தத் தோட்டாவுக்குக் கொழுப்புப் பூச வேண்டியிருந்தது. எவ்விலங்கின் கொழுப்பு என்பதைக் கும்பினி உறுதிப்படுத்தவில்லை. பசுவின் கொழுப்பு இந்துவுக்கும் பன்றியின் கொழுப்பு முஸ்லிமுக்கும் ஆகாது. 1857 ஜனவரியில் டம்டம் படைமுகாமில் எழுந்த ஐயம் வங்காளப் படை முழுதும் பரவியது.

அரசு வாளாவிருக்கவில்லை. சிப்பாய்கள் தாங்களே விரும்பிய நெய்யைப் பூசிக்கொள்ளலாம் என்றது. பின்னர்க் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் பயிற்சியை மாற்றியது. பயன் இல்லை. நெய்யில் மாசு இல்லையெனில் முறையை ஏன் மாற்ற வேண்டும் என்று சிப்பாய்கள் வினவினர்.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு ஏற்க மறுத்தவை புதிய தோட்டாக்கள் அல்ல; நெடுநாள் வழங்கிவந்த பழையவையே. தாள் வேறுபட்டுத் தோன்றியமையே மறுப்புக்குக் காரணமாயிற்று. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் தொண்ணூற்றுவர் முன் நீட்டப்பட்டவையும் பழைய வகையே. எண்பத்தைவர் மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் பேரெழுச்சி வெடித்தது.

ஆகவே, சிப்பாய்கள் பழமையில் மயங்கிப் புதுமையை வெறுத்தனர் என்னும் கூற்று பொருந்தாது. பழைய தோட்டாவை அவர்கள் விரும்பியது, அதில் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருந்ததால். கொடுப்பவர் மேல் நம்பிக்கை போனபின் பழைய தோட்டாவும் அவர்களுக்குப் புதியதாயிற்று. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சென்னைப் படைச் சிப்பாய்கள் எழுந்ததற்கும், கலந்து பேசாது திணிக்கப்பட்ட புதிய தலைப்பாகை ஒரு காரணம் அன்றோ!

பின்னர் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. எழுச்சிக்குப் பின், இந்தியப் படையினருக்கென என்ஃபீல்டின் சாயலிலேயே சுருள் பள்ளம் இல்லாத துப்பாக்கி செய்யப்பட்டது. 1871இல் ஆங்கிலேயர் மார்ட்டினி ஹென்றியை ஏற்றபோது, இந்தியருக்கு முந்தைய ஸ்னைடரே எஞ்சியது. 1878இல் தொடங்கிய இரண்டாம் ஆப்கானியப் போரிலும் அவர்கள் அதையே ஏந்தினர். பழையதை விரும்பியவன் முன்பு தண்டிக்கப்பட்டான். புதியதை ஏந்தத் தகுந்தவன் பின்பு பழையதோடு நிறுத்தப்பட்டான். இரண்டிலும் தெரிவு அவனுடையதாக இல்லை.

வகுப்பில் 1857ஐக் கற்பிக்கையில், கொழுப்பு எவ்விலங்கினது என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். பழையது எது, புதியது எது என்பதை யார் முடிவு செய்தார், யாரைக் கேட்டு முடிவு செய்தார் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைப்போமாக. நானிங் காட்டில் தோட்டாவைக் கடித்த பெயரறியாச் சிப்பாயும் அப்போது நம் பாடத்துக்குள் வருவான்.