டாஷ்போர்டில் ஒரு துளை

கார் ஒன்றின் முன் இருக்கையில் உட்கார்ந்து எதிரே பாருங்கள். ஓட்டுபவருக்கும் அருகில் இருப்பவருக்கும் நடுவே, டாஷ்போர்டில், கை எட்டும் தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் தாத்தா காலத்துக் காராக இருந்தால் அங்கே இரண்டு குமிழ்களும் ஒரு முள்ளும் கொண்ட வானொலி இருந்திருக்கும். பிறகு அதே இடத்தில் காசெட் ஒலிப்பதிவுக் கருவி வந்தது. அதன் பிறகு குறுந்தட்டு வந்தது. இன்று பெரும்பாலும் ஒரு தொடுதிரை ஒளிர்கிறது. இடம் ஒன்றுதான், குடியிருந்தவர்கள்தாம் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

2010ஆம் ஆண்டுக்குப் பிறகு சில காலம் இந்த இடத்தில் விந்தையான விருந்தாளி ஒருவர் குடியேறினார். காருக்கென்று செய்யப்படாத, வீட்டில் மடியில் வைத்துப் படிப்பதற்காகச் செய்யப்பட்ட டேப்லெட் கணினிதான் அவர். அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் கைத்திறன் உள்ள பலர், இருந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் டேப்லெட்டைப் பொருத்தினார்கள். அது எளிதான வேலையா? ஏன் அப்படிச் செய்தார்கள்? அந்த வழக்கம் ஏன் நிலைக்கவில்லை? இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், நாம் எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தீப்பொறியின் இரைச்சல்

1930ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவர் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய காலம் அது. காரில் வைக்கக்கூடிய வானொலி ஒன்றைச் செய்து விற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணினார். தம் காரில் ஒரு வானொலியைப் பொருத்திக்கொண்டு, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்குச் சென்றார். உள்ளே அரங்கம் அமைக்க வசதி இல்லை. எனவே காரை வெளியே நிறுத்தி, வருவோர் போவோருக்கெல்லாம் பாட்டைக் கேட்கச் செய்தார். 'மோட்டார்' என்ற சொல்லோடு அக்காலத்து இசைக் கருவிப் பெயர்களில் வந்த 'ஓலா' என்ற ஈற்றைச் சேர்த்து, அந்த வானொலிக்கு 'மோட்டோரோலா' என்று பெயரிட்டார். பின்னர் 1947இல் அவருடைய நிறுவனமே அந்தப் பெயரை ஏற்றது.

ஒரு வானொலியைத் தூக்கிக் காரில் வைப்பதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். முதல் தொல்லை இரைச்சல். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் இடைவிடாது பொறி உண்டாக்குகின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி ஒலிபரப்பி போன்றது. நாற்புறமும் மின்காந்த அலைகளைப் பரப்புகிறது. தொலைவிலிருந்து வரும் மெல்லிய பாட்டை, பக்கத்திலேயே கிளம்பும் இந்தப் 'படபட' ஓசை விழுங்கிவிடும். பொறி செல்லும் கம்பிகளில் மின்தடைகளைச் சேர்த்தும், மின்தேக்கிகளை இணைத்தும், வானொலியை உலோகப் பெட்டிக்குள் அடைத்தும் இதனை அடக்கினார்கள்.

இரண்டாவது தொல்லை மின்னழுத்தம். அக்காலத்துக் கார் பாட்டரி 6 வோல்ட் மட்டுமே தந்தது. ஆனால், வானொலியின் வெற்றிடக் குழாய்கள் 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கேட்டன. தொடக்கத்தில் இதற்கெனத் தனி உலர் மின்கலங்களைக் காரின் தரைப் பலகைக்கு அடியில் வைத்தார்கள். அவை தீர்ந்துபோனால் புதிதாக வாங்க வேண்டும். சில ஆண்டுகளில் 'வைப்ரேட்டர்' என்னும் கருவி வந்தது. அதில் ஒரு உலோக நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்ந்து, மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தும். அப்படித் துண்டு துண்டான மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்திக் கொடுக்கும். கார் வானொலியைப் போட்டதும் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அது இந்த நாக்கின் அதிர்வுதான்.

விலையும் கொஞ்சமன்று. முதல் மோட்டோரோலா 110 டாலருக்கு மேல் விற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் ஏ' காரே அன்று ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்தது என்றால், பார்த்துக்கொள்ளுங்கள்!

வேறோர் எதிர்ப்பும் எழுந்தது. பாட்டில் மயங்கி ஓட்டுநர் சாலையை மறந்துவிடுவார், ஆகவே கார் வானொலியைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் கிளம்பியது. தடை நிலைக்கவில்லை. காது கேட்டுக்கொண்டிருக்கும்போதும் கண் சாலையில் இருக்க முடியும் என்பதை அனுபவம் காட்டியது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தட்டும் நாடாவும்

1955இல் கிரைஸ்லர் நிறுவனமும் பில்கோ நிறுவனமும் சேர்ந்து, முழுவதும் டிரான்சிஸ்டர்களால் ஆன கார் வானொலியை அறிமுகம் செய்தன. டிரான்சிஸ்டருக்கு உயர் மின்னழுத்தம் வேண்டாம். பாட்டரியின் மின்சாரமே போதும். ஆகவே வைப்ரேட்டருக்கு விடை கொடுக்க வழி பிறந்தது.

ஒலிபரப்பு நிலையம் தரும் பாட்டைத்தான் கேட்க வேண்டுமா, நாம் விரும்பும் பாட்டைக் கேட்கக் கூடாதா என்ற ஆசை அடுத்து எழுந்தது. அதே கிரைஸ்லர் நிறுவனம் 1956ஆம் ஆண்டுக் கார்களில் இசைத்தட்டுக் கருவியையே டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்தியது! அதை வடிவமைத்தவர் பீட்டர் கோல்ட்மார்க். இசைத்தட்டு நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்ற மெதுவான வேகத்தில் சுழலும். ஆனால் அதற்கென்றே தயாரித்த தனித் தட்டுகளைத்தான் அதில் போட முடியும். வீட்டில் இருக்கும் தட்டுகள் பயன்படா. சில ஆண்டுகளிலேயே அது மறைந்துபோனது. தனக்கென்று மட்டும் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு பிறவற்றோடு ஒத்துப்போகாத கருவி நீண்ட நாள் வாழாது என்பதற்கு இது ஒரு பாடம்.

1960களின் நடுவில் வில்லியம் லியர் உருவாக்கிய எட்டுத்தட நாடாப் பெட்டியும், 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட காசெட்டும், 1980களில் குறுந்தட்டும் ஒன்றன் பின் ஒன்றாகக் காருக்குள் வந்தன.

எல்லார்க்கும் ஒரே அளவு

இத்தனை கருவிகளும் மாறி மாறி ஒரே இடத்தில் குடியிருக்க முடிந்தது எப்படி? இங்கேதான் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடு நம் கவனத்துக்கு உரியது. ஜெர்மன் நாட்டுத் தர நிர்ணய நிறுவனம், கார் வானொலிக்கான துளை இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று வகுத்தது. முகப்பு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இந்த அளவு 1984இல் 'ஐ.எஸ்.ஓ. 7736' என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆயிற்று. ஜெர்மன் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து இதனை 'டின்' அளவு என்பர். உயரம் இரு மடங்காக, அதாவது 100 மில்லிமீட்டராக இருந்தால் அது 'இரட்டை டின்'.

இதன் பயனைச் சிந்தித்துப் பாருங்கள். காரைச் செய்தவர் ஒருவர், வானொலியைச் செய்தவர் வேறொருவர்; எனினும் இரண்டும் பொருந்தின. கருவி பழுதானாலோ பழசானாலோ, காரை மாற்ற வேண்டாம். கருவியை மட்டும் மாற்றினால் போதும். கடைத்தெருவில் உள்ள மெக்கானிக்கே அரை நாளில் செய்துவிடுவார். ஒரு செவ்வகத் துளையின் அளவை ஊர் உலகமெல்லாம் ஒப்புக்கொண்டதால் கோடிக்கணக்கான மக்களுக்குக் கிடைத்த உரிமை அது.

டேப்லெட் குடியேறுகிறது

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010 ஏப்ரல் 3ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே கலிபோர்னியாவில் ஒரு கார் ஒலிக்கருவிக் கடையினர் அதை டொயோட்டா வண்டி ஒன்றின் டாஷ்போர்டில் பதித்துக் காட்டினார்கள். வரைபடம், பாட்டு, நூற்றுக்கணக்கான பயன்பாடுகள் எல்லாம் ஒரே பலகையில்! காருக்கென்று விற்ற திரைக் கருவிகளைவிடத் தெளிவான படம். 2012இல் 7 அங்குலத் திரை கொண்ட மலிவான டேப்லெட்டுகள் வந்ததும் இந்த ஆர்வம் இன்னும் பரவியது.

ஆனால் வேலை எளிதாக இருக்கவில்லை. முதலில் அளவு. 2012இல் வந்த நெக்சஸ் 7 டேப்லெட் ஏறத்தாழ 198 மில்லிமீட்டர் நீளமும் 120 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இரட்டை டின் துளையோ 180க்கு 100. ஆகவே டாஷ்போர்டின் பிளாஸ்டிக்கை அறுத்து, கண்ணாடி இழையும் பட்டியும் பூசித் தேய்த்துப் புதிய சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து மின்சாரம். 1930இல் 6 வோல்ட்டை 200 ஆக உயர்த்தப் பாடுபட்டார்கள் அல்லவா? இப்போது நிலைமை தலைகீழ். காரின் 12 வோல்ட்டை டேப்லெட்டுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைக்க வேண்டும். பெயர்தான் 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது அது 14ஐத் தொடும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10க்கும் கீழே சரியும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மாற்றி ஒன்று இடையில் வேண்டும். வழக்கமான ஸ்டீரியோவில் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் தரும். சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் தரும். கறுப்பு, காரின் உடலோடு சேர்வது. சாவி திருப்பப்பட்டது என்ற செய்தியைச் சிவப்புக் கம்பி ஸ்டீரியோவுக்குச் சொல்லும். டேப்லெட்டுக்கோ அந்த மொழி தெரியாது. சாவியைத் திருப்பினால் விழிக்கவும், எடுத்தால் உறங்கவும் அதற்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது ஒலி. டேப்லெட்டின் காதொலிக் குழி தருவது சில மில்லிவாட் ஆற்றல்தான். காரின் ஒலிபெருக்கிகளுக்கு வாட் கணக்கில் வேண்டும். ஆகவே ஸ்டீரியோவைக் கழற்றியவர் தனி ஆம்ப்ளிஃபையரைத் தேடிப்போக வேண்டியதாயிற்று. அதையும் இணைத்துப் பாட்டைப் போட்டால், பின்னணியில் ஒரு 'கீஈஈ' என்ற ஊளை! ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையின் சுருதியும் ஏறும். மின்னூட்டும் கம்பி வழியாகவும் ஒலிக் கம்பி வழியாகவும் காரின் உடலோடு இரண்டு இணைப்புகள் ஏற்பட்டுவிடுவதால், ஆல்டர்னேட்டரின் துடிப்பு பாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சிறு மின்மாற்றி ஒன்றை வைத்துப் பிரித்தால்தான் அது அடங்கும். பால் கால்வின் காலத்துப் பகைவனே எண்பது ஆண்டு கழித்து வேறு வேடத்தில் திரும்பி வந்தான் எனலாம்.

இவற்றையெல்லாம் வென்றாலும் வெப்பத்தை வெல்ல முடியவில்லை. ஐபேட் இயங்குவதற்கு அதன் தயாரிப்பாளர் குறித்த உச்ச வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரிதான் எல்லை. கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டோ 70 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. இந்தச் சூடு லித்தியம் பாட்டரியை உப்பச் செய்யும். அதன் ஆயுளைக் குறைக்கும். காருக்கென்று செய்யும் மின்னணு உறுப்புகள் -40 முதல் 85 டிகிரி வரை தாங்கும்படி அமைக்கப்படுவது இதனால்தான்.

கண் கேட்கும் கூலி

2014இல் ஆப்பிளும் கூகுளும் வேறு வழி ஒன்றை அறிவித்தன. திரை காரிலேயே இருக்கும்; மூளை மட்டும் உங்கள் சட்டைப்பையில் உள்ள தொலைபேசியில் இருக்கும். சூடு தாங்க வேண்டியது திரை. அடிக்கடி புதிதாக வேண்டியது மூளை. இரண்டையும் பிரித்ததே இதன் சூட்சுமம். டேப்லெட்டைப் பதிக்கும் ஆர்வம் அதன் பின் தணிந்தது.

ஆனால் கார் நிறுவனங்கள் தாமே பெரிய திரைகளை டாஷ்போர்டோடு ஒன்றாக வார்க்கத் தொடங்கிவிட்டன. 2012இல் வந்த டெஸ்லா 'மாடல் எஸ்' காரில் 17 அங்குலத் திரை இருந்தது. அதனுள்ளே 8 ஜிகாபைட் நினைவகச் சில்லு ஒன்று எழுதி எழுதித் தேய்ந்துபோக, திரை இயங்காமல் நின்றது. பின்பக்கக் கேமராவும் கண்ணாடிப் பனியை நீக்கும் கட்டுப்பாடும் அதோடு போயின. 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பழைய ஸ்டீரியோ பழுதானால் பாட்டு மட்டும் நிற்கும். கார் முழுவதற்கும் ஒரே திரை என்றானால், அது நின்றால் பலவும் நிற்கும்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். வானொலி காதுக்கு வந்த விருந்தாளி. திரையோ கண்ணைக் கேட்கிறது. கண் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்கும். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1986இல் பியூக் நிறுவனம் 'ரிவியேரா' காரில் தொடுதிரையை வைத்தது. வானொலியை மாற்றவும் காற்றுப் பதனத்தைக் கூட்டவும் திரையை உற்றுப் பார்க்க வேண்டியிருந்ததால் குறைகூறல் எழுந்தது. 1990ஆம் ஆண்டு மாடலில் பொத்தான்களே திரும்பி வந்தன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் வெளியிட்ட நெறிமுறை, கருவியைப் பார்க்கும் ஒரு பார்வை 2 நொடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்பது 33 மீட்டர். சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவர அவ்வளவு தூரம் வேண்டாம். ஐரோப்பியக் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பும் 2026 முதல், திருப்பச் சைகை, ஹார்ன், வைப்பர் முதலிய முக்கியமான சிலவற்றுக்குக் கையால் தொட்டறியும் பொத்தான்களோ நெம்புகோல்களோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வகுத்தது.

அடுத்த முறை நீங்கள் காரில் ஏறும்போது அந்த இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே இருப்பதைக் கழற்றி மாற்ற முடியுமா? பார்க்காமல், விரல் நுனியால் மட்டும் அதன் ஒலியைக் குறைக்க முடியுமா? இரண்டுக்கும் 'முடியும்' என்று விடை வந்தால், எண்பது ஆண்டுப் பாடத்தை அந்தக் காரைச் செய்தவர்கள் மறக்கவில்லை என்று பொருள். 'முடியாது' என்றால், ஓட்டுபவரின் அருகில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. திரையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையை அவர் பார்க்கட்டும்.